யார் பக்கத்து இளைப்பு?

ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் காரணமான மரபணுவைத் தேடி நூறாண்டுகளாக ஆய்வுகள் நடக்கின்றன. நம் வீடுகளில் ஓயாமல் நடக்கும் ஒரு பழைய வழக்குக்கு அவை தீர்ப்பு எழுதியிருக்கின்றன.

இரவு இரண்டு மணி. நாலு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவள் விலா எலும்புகளுக்கு நடுவே சதை குழிந்தது. விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து விசில் சத்தம். நர்ஸ் நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் வைத்தார். வெள்ளைப் புகையாக மருந்து எழும்ப எழும்ப, குழந்தை என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். டியூட்டி டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, எல்லா டாக்டர்களும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது வீசிங் இருக்கா?"

என் மாமியார் முந்திக்கொண்டார். "எங்க பக்கம் யாருக்கும் கிடையாதுங்க."

அம்மா வாயைத் திறக்கவில்லை. அவளைப் பெற்றவளுக்கு, என் ஆயாவுக்கு, மார்கழி பிறந்தாலே இளைப்பு வந்துவிடும். சுவரில் சாய்த்த இரண்டு தலையணைகளுக்கு முதுகைக் கொடுத்து, உட்கார்ந்தபடியே விடியவிடியக் கிடப்பாள். அது டாக்டருக்குத் தெரியாது. மாமியாருக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் காட்சி எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. குழந்தைக்கு இளைப்பு வந்தால் "எந்தப் பக்கத்துச் சீதனம்" என்று தேடுகிறோம். பெரும்பாலும் தாய் வழியில்தான் விரல் நீளும். பெண் பார்க்க வரும் நாளில் இன்ஹேலரை பீரோவில் பூட்டி வைக்கும் வீடுகள் உண்டு. திருமணமான பிறகும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஹேலர் அடிக்கும் பெண்கள் உண்டு. இந்த வழக்கில் சாட்சி சொல்லக்கூடியது மரபணு அறிவியல் மட்டுமே. அது என்ன சொல்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பாட்டி சொன்னதில் பாதி

வம்சத்தில் வருகிறது என்று பாட்டிகள் சொல்லும் ஊர்ப்பேச்சு பொய்யில்லை. 1916-ல் நியூயார்க்கில் ராபர்ட் குக், ஆல்பர்ட் வாண்டர் வீர் என்ற இரு மருத்துவர்கள் 500-க்கும் மேற்பட்ட அலர்ஜி நோயாளிகளின் குடும்பக் கதையைக் கேட்டு எழுதினார்கள். ஏறக்குறைய பாதிப் பேரின் குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது ஆஸ்துமாவோ அலர்ஜியோ இருந்தது. அலர்ஜி இல்லாதவர்களின் குடும்பங்களில் இது மிகக் குறைவு. இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். அப்பாவுக்கு ஆஸ்துமா என்றால் பிள்ளைக்கும் ஆஸ்துமாதான் வரவேண்டும் என்பதில்லை. ஒருவருக்கு மூக்கில், இன்னொருவருக்குத் தோலில், வேறொருவருக்கு நெஞ்சில். வம்சத்தில் வருவது ஒரு சுபாவம். அது எந்த நோயாக முளைக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

1971-ல் ஸ்வீடனில் சுமார் 7,000 இரட்டையர் ஜோடிகளை வைத்து நடந்த ஆய்வு இதைத் துல்லியமாக்கியது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தால், மற்றவருக்கும் இருந்தது 19 சதவீத ஜோடிகளில். இரு கருக்களாக வளர்ந்த இரட்டையர்களில் அது 4.8 சதவீதம். நான்கு மடங்கு வித்தியாசம் என்றால் பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்றே பொருள். அதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஏறக்குறைய அதே மரபணுக்களுடன் பிறந்த உடன்பிறப்புக்கு ஆஸ்துமா இருந்தும், நூற்றில் 81 ஜோடிகளில் மற்றவருக்கு அது இல்லை.

பாட்டி சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடித்தான் விஞ்ஞானிகள் கப்பல் ஏறினார்கள்.

மூச்சிரைக்கும் தீவு

தென் அட்லாண்டிக் கடலில் ட்ரிஸ்டன் டா குன்யா என்று ஒரு தீவு. கேப்டவுனிலிருந்து ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். விமான நிலையம் கிடையாது. கப்பலில் ஒரு வாரம் போகவேண்டும். 1816-ல், செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனை யாரும் மீட்டுவிடக் கூடாது என்று பிரிட்டன் இங்கே ஒரு காவற்படையை இறக்கியது. அடுத்த ஆண்டு படை திரும்பிவிட, வில்லியம் கிளாஸ் என்ற வீரர் குடும்பத்தோடு தங்கிவிட்டார். பிறகு கப்பல் உடைந்து ஒதுங்கியவர்கள், செயின்ட் ஹெலினாவிலிருந்து வந்த பெண்கள் எனச் சிலர் சேர்ந்தார்கள். இன்று தீவில் இருக்கும் சுமார் 250 பேரின் மூதாதையர் பெரும்பாலும் அந்தப் பதினைந்து சொச்சம் பேர்தான்.

1990-களில் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் நோயே ஸாமெல் குழுவினர் அங்கே போய், தீவில் இருந்த ஏறக்குறைய அத்தனை பேரையும் ஊதச் சொல்லிப் பரிசோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஆஸ்துமாவின் அடையாளம் ஏதேனும் ஒன்று இருந்தது. முதலில் குடியேறியவர்களில் சிலருக்கு இருந்த இளைப்பு, ஏழெட்டுத் தலைமுறைகளாகக் கலியாணத்தில் கலந்து, தீவு முழுக்கப் பரவியிருந்தது. மரபணுத் தேடலுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. தீவுக்காரர்கள் கொடுத்த ரத்தத்தை வைத்து, 11-ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தைச் சுட்டினார்கள். "ஆஸ்துமா மரபணு கிடைத்துவிட்டது" என்று உலகம் பேசியது.

கிடைக்கவில்லை. உலகின் மற்ற நோயாளிகளின் கதையை அந்த ஓர் இடத்தால் சொல்ல முடியவில்லை. அதற்கு முன் 1989-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் குக்சனும் ஜூலியன் ஹாப்கினும் அதே குரோமோசோமில் வேறோர் இடத்தை அலர்ஜியோடு இணைத்தார்கள். பல குழுக்கள் முயன்றும் அதை உறுதிப்படுத்த முடியவில்லை. 2002-ல் 460 குடும்பங்களை ஆராய்ந்து அடாம்33 என்ற மரபணுவை அறிவித்தார்கள். அதுவும் சில இடங்களில் பொருந்தியது, சில இடங்களில் பொருந்தவில்லை. ஒற்றைக் குற்றவாளியைத் தேடிய ஒவ்வொரு முறையும் கை நழுவியது.

ஒருவரா, ஊரா?

2007-ல் தேடும் முறையே மாறியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மிரியம் மொஃபட்டும் குக்சனும், குழந்தைப் பருவத்தில் ஆஸ்துமா வந்த 994 பேரையும் வராத 1,243 பேரையும் எதிரெதிரே நிறுத்தி, ஒவ்வொருவரின் மரபணுத் தொகுதியிலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை ஒப்பிட்டார்கள். 17-ஆம் குரோமோசோமில் ஓரிடம் பளிச்சென்று எழுந்து நின்றது. அங்கே இருந்தது ஓஆர்எம்டிஎல்3 என்ற மரபணு. இந்த முடிவு அதன்பிறகு நாடு நாடாக உறுதியானது.

அந்த இடத்தில் உள்ள மரபணு எழுத்து மாற்றம் ஆஸ்துமா இல்லாதவர்களிடமும் ஏராளமாக இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவே. 2018-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து சுமார் 24,000 நோயாளிகளையும் 1,18,000-க்கும் மேற்பட்ட மற்றவர்களையும் ஒப்பிட்டபோது, இப்படிப்பட்ட இடங்கள் 18 தேறின. அதற்குப் பிந்தைய ஆய்வுகளில் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகைகளில் சில உங்களிடம் இருக்கின்றன, சில என்னிடம், சில என் மாமியாரிடம்.

ஒரே மரபணு எல்லாவற்றையும் தீர்மானிக்கும் நோய்களும் உண்டு. அவை மிக அரிது. உடலின் எதிர்ப்புப் படைக்குள்ளேயே, மற்ற செல்களை அடக்கிவைக்கும் காவல் செல்கள் இருக்கின்றன. அவற்றை உருவாக்குவது ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு. அது பழுதானால், ஆண் குழந்தைகள் பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே கடும் கரப்பான், நிற்காத வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய், உணவு அலர்ஜி என ஒரே நேரத்தில் தாக்கப்படுகிறார்கள். 2001-ல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். காவல் செல்களை அதற்கு முன்பே அடையாளம் காட்டியவர் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. மூவருக்கும் 2025-ன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அலர்ஜி என்பது எதிர்ப்புச் சக்தி குறைந்து வருவதல்ல, அடக்கவேண்டிய நேரத்தில் அடக்க ஆளில்லாமல் வருவது என்பதை அந்த அரிய நோய்தான் கண்முன் காட்டியது.

தோலில் ஒரு விரிசல்

2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர், டப்ளினின் ஆலன் இர்வைனுடன் சேர்ந்து, ஃபிலாக்ரின் என்ற மரபணுவைப் பிடித்தார்கள். எதிர்ப்புச் சக்தியோடு நேரடித் தொடர்பில்லாத மரபணு அது. மேல்தோல் செல்களைச் செங்கல் சுவர் போலக் கட்டி, ஈரம் போகாமல் காக்கும் புரதத்தைச் செய்வது அதன் வேலை. ஐரோப்பியர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் இதன் ஒரு பிரதி பழுதாக இருக்கிறது. அவர்களின் தோல் வறண்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கும். கரப்பான் அவர்களுக்கு அதிகம் வந்தது. கரப்பானோடு சேர்ந்த ஆஸ்துமாவும் அதிகம் வந்தது.

நெஞ்சில் வரும் நோய்க்கு வாசல் தோலில் இருந்தது. விரிசல் வழியே தூசும் உணவுத் துகளும் நுழையும்போது, உடல் அவற்றைத் திருடனாகப் பார்க்கப் பழகுகிறது. அதே பொருள் வாய் வழியே வயிற்றுக்குப் போனால் விருந்தாளி. லண்டனில் கிடியன் லேக் குழுவினர் கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வேர்க்கடலை உணவைச் சீக்கிரமே கொடுத்தார்கள். மறுபாதிக்கு அறவே தவிர்த்தார்கள். ஐந்து வயதில், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு வேர்க்கடலை அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம். 2015-ல் வெளியான இந்த முடிவு, "ஆகாத பொருளைக் கண்ணிலேயே காட்டாதே" என்ற பல ஆண்டு அறிவுரையைப் புரட்டிப்போட்டது. அந்த ஆய்விலேயே குழந்தைகளைப் பரிசோதித்த பிறகுதான் கொடுத்தார்கள் என்பதால், கரப்பான் உள்ள குழந்தைக்கு வீட்டில் நாமாக ஆரம்பிக்காமல் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

ஒரே ரத்தம், இரண்டு தொழுவம்

நான் படித்ததில் என்னை உலுக்கியது அமெரிக்காவின் இரு விவசாயச் சமூகங்களின் கதை. இண்டியானாவில் ஆமிஷ் மக்கள். தெற்கு டகோட்டாவில் ஹட்டரைட் மக்கள். இரு சமூகமும் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் பகுதிகளிலிருந்து வந்தவை. வெளியே பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. மரபணு அளவில் மிக நெருக்கமானவர்கள். சாப்பாடு, பெரிய குடும்பம், தாய்ப்பால், வீட்டில் நாய் பூனை வளர்க்காத வழக்கம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஆமிஷ் பள்ளிக் குழந்தைகளில் 5.2 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா. ஹட்டரைட் குழந்தைகளில் 21.3 சதவீதம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் கரோல் ஓபர், ஹட்டரைட் மக்களின் மரபணுவைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்தவர். மூனிக்கின் எரிகா வான் மூட்டியஸ், பெர்லின் சுவர் விழுந்தபின் கிழக்கு, மேற்கு ஜெர்மனிக் குழந்தைகளை ஒப்பிட்டு, புகைமண்டிய கிழக்கில் அலர்ஜி குறைவு என்று கண்டு திகைத்தவர். இருவரும் சேர்ந்தார்கள். வித்தியாசம் தொழுவத்தில் இருந்தது. ஆமிஷ் வீட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம். உழவுக்குக் குதிரை. தவழும் வயதிலேயே பிள்ளைகள் அங்கே விளையாடுவார்கள். ஹட்டரைட் பண்ணை எந்திரமயமானது. மாடுகள் வீட்டிலிருந்து தள்ளி இருக்கும். சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை.

இரு சமூகத்திலிருந்தும் முப்பது முப்பது குழந்தைகளின் ரத்தத்தை எடுத்தார்கள். அந்த முப்பது ஹட்டரைட் பிள்ளைகளில் ஆறு பேருக்கு ஆஸ்துமா. ஆமிஷ் பிள்ளைகளில் ஒருவருக்குமில்லை. நம் ஊரில் "இஸ்னோபீலியா" என்று சொல்வோமே, அந்த இயோசினோஃபில் அணுக்கள் ஆமிஷ் ரத்தத்தில் குறைவு. வீடுகளிலிருந்து தூசியையும் சேகரித்தார்கள். பாக்டீரியாவின் மேலுறைப் பொருளான எண்டோடாக்சின், ஆமிஷ் வீட்டுத் தூசியில் 6.8 மடங்கு அதிகம். அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் சில வாரங்கள் விட்டார்கள். ஆமிஷ் தூசி எலிகளை ஆஸ்துமாவிலிருந்து காத்தது. ஹட்டரைட் தூசி காக்கவில்லை. அதன்பிறகு, கிருமியின் வாசனையை உடலுக்கு அறிவிக்கும் இரண்டு மரபணுக்களை நீக்கிய எலிகளில் சோதித்தார்கள். ஆமிஷ் தூசியும் பலிக்கவில்லை. 2016-ல் இது வெளியானது.

தூசியும் மரபணுவும் கைகோத்தால்தான் காவல். ஒன்றில்லாமல் மற்றதால் முடியவில்லை. அதே ஆண்டு, ஐந்து ஐரோப்பிய நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வொன்று, 2007-ல் கண்டுபிடித்த 17-ஆம் குரோமோசோம் இடத்துக்கே திரும்பி வந்தது. அங்கே ஆஸ்துமாவுக்குச் சாதகமான எழுத்தைக் கொண்ட குழந்தைகளுக்குத்தான், தொழுவத்தில் வளர்ந்தபோது வீசிங்கிலிருந்து நல்ல பாதுகாப்பு கிடைத்தது. சிகரெட் புகை சூழ்ந்த வீடுகளிலோ அதே இடத்தின் தீமை கூடியது என்று 2008-லேயே ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியிருந்தது. தீய மரபணு என்று பெயரிட்டது, வளரும் இடத்துக்கு அதிகம் செவிசாய்க்கும் மரபணுவாக இருந்தது. நல்ல மண்ணில் அது நல்லதற்கும் செவிசாய்க்கிறது.

இதைப் படித்ததும் குழந்தையை மாட்டுக்கொட்டகையில் விட்டுவிடத் தோன்றும். வேண்டாம். ஏற்கெனவே இளைப்பு வந்துவிட்ட பிள்ளைக்கு அந்தத் தூசியே ஆகாமல் போகலாம். வறட்டி எரித்த புகையும் விறகுப் புகையும் எந்தப் பிள்ளைக்கும் கேடுதான்.

அபாய மணியின் கயிறு

நூறு இடங்கள், ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை என்றால், அவற்றைக் கண்டுபிடித்து என்ன பயன்? ஒவ்வோர் இடமும் உடலுக்குள் ஒரு வேலை நடக்கும் இடத்தைக் கைகாட்டுகிறது. அப்படித் திரும்பத் திரும்பக் கைகாட்டப்பட்டவை ஐஎல்-33, டிஎஸ்எல்பி என்ற இரண்டு. மூச்சுக்குழாயின் உட்சுவரில் வைரஸோ புகையோ பட்டதும், அந்தச் செல்கள் அடிக்கும் அபாய மணி இவை.

2017-ல் ஐஸ்லாந்தின் டீகோட் நிறுவனம் ஒரு விசேஷத்தைச் சொன்னது. சிலருக்குப் பிறவியிலேயே ஐஎல்-33 மரபணு பாதி ஊனம். அவர்களுக்கு இயோசினோஃபில் அணுக்கள் குறைவு. ஆஸ்துமா வாய்ப்பும் ஏறக்குறைய பாதி. மணியின் சத்தத்தைக் குறைத்தால் நோய் தணியும் என்பதை இயற்கையே செய்துகாட்டியிருந்தது. டிஎஸ்எல்பி மணியைக் கட்டுப்படுத்தும் டெசெபெலுமாப் ஊசிக்கு 2021 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி; எந்த மருந்துக்கும் அடங்காத கடும் ஆஸ்துமாவில் தாக்குதல்களைக் குறைக்கிறது. விலையோ சாதாரணக் குடும்பம் நெருங்க முடியாத உயரத்தில்.

நம் ரத்தம் எங்கே?

இத்தனை ஆய்விலும் தீவுக்காரர்கள் இருக்கிறார்கள், ஐஸ்லாந்துக்காரர்கள் இருக்கிறார்கள், ஆமிஷ் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் மிகக் குறைவு. 2016-ல் எடுத்த ஒரு கணக்குப்படி, இத்தகைய மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 81 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர்.

உலக நோய்ச் சுமை ஆய்வின் 2019 கணக்கில் இந்தியாவில் ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 3.4 கோடி. உலக நோயாளிகளில் இது 13 சதவீதம்தான். ஆஸ்துமா மரணங்களிலோ 40 சதவீதத்துக்கு மேல். இந்த இடைவெளிக்கு நம் மரபணுவைக் குற்றம் சொல்ல முடியாது. தடுக்கும் இன்ஹேலரைத் தொடாமல், மூச்சு முட்டும்போது மட்டும் மாத்திரையும் ஊசியும் தேடி ஓடுகிறோம். "இன்ஹேலர் பழகினா விடாது" என்ற பயமும் "வெளியே தெரிஞ்சா வரன் அமையாது" என்ற பயமும் சேர்ந்து உயிரை எடுக்கின்றன.

ஜீனோம் இந்தியா திட்டத்தில் நாட்டின் பல சமூகங்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அது நல்ல தொடக்கம். இனி நம் ஊர் இளைப்புக்காரர்களின் ரத்தமும், அவர்கள் வீட்டுத் தூசியும் சேர்ந்து படிக்கப்பட வேண்டும். கொசுவர்த்தி, சாம்பிராணி, செங்கல் சூளை, பஞ்சாலை என்று நம் காற்றுக்குத் தனி முகம் இருக்கிறது. ஐரோப்பாவில் வரைந்த வரைபடத்தில் அவை கிடையாது.

இன்னொரு முறை, அதே கேள்வி

இந்த மார்கழியில் மகளை ஒரு அலர்ஜி மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மாமியாரும் வந்தார். போகும் வழியெல்லாம் நான் படித்ததைச் சொல்லிக்கொண்டே போனேன்: தீவு, தொழுவம், நூறு சிட்டிகை. அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தார், பதில் சொல்லவில்லை.

மருத்துவர் நோட்டைத் திறந்து அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை அவர் "வீசிங்" என்று நிறுத்தாமல், "தும்மல், மூக்கடைப்பு, கரப்பான், அரிப்பு ஏதாவது?" என்றும் கேட்டார். நான் ஆயாவைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மாமியார் கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு சொன்னார்: "எனக்குக் காலையில எழுந்திரிச்சா இருபது முப்பது தும்மல் வருங்க. கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து. சும்மா தூசுத் தும்மல்னு நெனைச்சுட்டேன். அதையும் எழுதிக்குங்க."

மருத்துவர் எழுதினார். மகள் ஸ்பேஸர் குழாயைக் கையில் வாங்கி, இன்ஹேலரை அதன் முனையில் தானே செருகி, பாட்டியிடம் காட்டினாள்.